அமெரிக்காவை ஆறு காசில் அடக்கலாம்

சென்னை சென்ட்ரலில் ஏசி எக்ஸ்பிரஸ் ஏறிக் கல்கத்தா போகிறவர்களை ரயில்வே ஹவுராவில் இறக்காமல் சாந்த்ராகாச்சியில் இறக்கிவிடும். ஹவுரா பாலத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறவருக்கு முதலில் தென்படுவது ஸ்டேஷனை ஒட்டிய ஏரி. குளிர்காலமென்றால் அதில் ஆயிரக்கணக்கில் சீழ்க்கைச் சிறகிகள். டாக்ஸி கூலி பேசாமல் ஊருக்குள் வந்து இறங்குகிறவை அவை மட்டும்தான். ஊரின் இன்னொரு பெருமை சேனைக்கிழங்கு. தொண்டையை அவ்வளவாக அரிக்காத ஒரு ரகத்துக்கே சாந்த்ராகாச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஏரியும் கிழங்கும் உள்ள இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வெள்ளி டாலர் சேர்க்கலாம் என்றால் சிரிப்பு வரும். ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்து சேர்க்கிறவரைவிட சாந்த்ராகாச்சிக்காரருக்கு ஒரு விஷயத்தில் வசதி அதிகம். நியூயார்க்காரரின் ஆல்பத்தில் ஓட்டையாக இருக்கும் காசுகளில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் வந்து கிடக்கின்றன. என்ன, வந்த பிறகு அவை டாலராக இல்லை. ராஜா மூஞ்சியோடு ரூபாயாகிவிட்டன.

முதலில் அந்த அமெரிக்க ஆல்பத்தைப் பார்த்துவிடுவோம். மார்கன் டாலர் என்று ஒரு வெள்ளிக் காசு. 1878 முதல் 1904 வரை அடித்தார்கள், பிறகு 1921ல் ஒருமுறை. ஆண்டுவாரியாகவும் நாணயச்சாலைவாரியாகவும் எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்பட்டால் எண்ணிக்கை நூறை நெருங்கும். அதில் 1893ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது வெறும் 1 லட்சம். அதை வாங்கப் போனால் முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைக்க வேண்டும்.

இதற்காகத்தான் அமெரிக்கர்கள் குட்டி செட் என்ற ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மார்கன் டாலர் அடித்த சாலைகள் ஐந்து: பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, நியூ ஆர்லியன்ஸ், கார்ஸன் சிட்டி, டென்வர். சாலைக்கு ஒரு காசு என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் செட் முடிந்தது. நடக்கும் சுதந்திர தேவி பதித்த அரை டாலரில் 1941 முதல் 1947 வரைக்கும் உள்ள 20 காசு போதும் என்று ஒரு கட்சி. 1930களில் நாடே திவாலாகிக் கிடந்தபோது விஸ்கான்சினில் ஜே. கே. போஸ்ட் என்பவர் ஒரு சென்ட் காசுகளைச் செருகுவதற்கு ஓட்டை போட்ட அட்டை செய்து விற்றார். விட்மன் கம்பெனி அதை ஊரெங்கும் பரப்பியது. வேலை போனவர்களும் சில்லறையைத் துழாவி அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். முழு செட்டுக்குச் சொத்து வேண்டும். குட்டி செட்டுக்கு வீட்டம்மாவிடம் சொல்ல ஒரு பொய் போதும்.

சரி, மார்கன் டாலரை ஏன் அடித்தார்கள்? அமெரிக்க ஜனங்கள் கேட்டார்களா? கேட்கவே இல்லை. நெவாடாவில் வெள்ளிச் சுரங்கம் வைத்திருந்தவர்களுக்குச் சரக்கு தேங்கிவிட்டது. 1878ல் பிளாண்ட் அலிசன் சட்டம் வந்தது. மாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரைக்கும் அரசாங்கமே வெள்ளி வாங்கிக் காசடிக்க வேண்டும் என்றது சட்டம். 26.73 கிராம் எடையுள்ள காசைப் பையில் போட்டால் பேன்ட் இறங்கும் என்று ஜனங்கள் நோட்டையே வைத்துக்கொண்டார்கள். அரசாங்கம் அடித்த காசை மூட்டைக்கு ஆயிரமாகக் கட்டி நிலவறையில் அடுக்கியது. அடுக்க இடமில்லாதபோது புதிய நிலவறை கட்டியது.

மார்கன் காசில் இருந்த சுதந்திர தேவியின் முகம் பிலடெல்பியாவில் டீச்சராக இருந்த ஆன்னா வில்லியம்ஸுடையது. வடிவமைத்த ஜார்ஜ் மார்கன் இங்கிலாந்திலிருந்து வந்தவர். அமெரிக்கக் காசுக்கு அமெரிக்க முகம் வேண்டும் என்று தேடி இந்த அம்மாவை உட்கார வைத்தார். கோடிக்கணக்கில் அச்சான டீச்சரம்மா, இருட்டு நிலவறையில் 40 வருஷம் சும்மா இருந்தார். அவரை வெளியே கொண்டுவந்த புண்ணியம் வெள்ளைக்காரனின் இந்தியக் கஜானாவைச் சேரும்.

இந்தியக் கஜானா அப்போது சீட்டுக் கம்பெனி பாணியில் நடந்துகொண்டிருந்தது. நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் வெள்ளி ரூபாய் தருவோம் என்பது ஒப்பந்தம். எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்பது முதலாளியின் நம்பிக்கை. 1914ல் முதல் உலகப்போர் வந்தது. போர்முனையில் பதுங்குகுழிக்கு மண்மூட்டை அடுக்க வேண்டும். அந்தச் சாக்கு ஹூக்ளி கரைச் சணல் ஆலைகளிலிருந்துதான் போக வேண்டும். சாந்த்ராகாச்சி இருக்கும் ஹவுரா பக்கமெல்லாம் ஆலைச் சங்கு ஓயாமல் ஊதியது. சாக்கு, கோதுமை, தோல், சிப்பாய் என்று இங்கிருந்து எல்லாம் போனது. அதற்கான பணம் லண்டனில் பவுனாகக் கணக்கில் ஏறியது. கிழக்கு வங்காளத்துச் சணல் குடியானவர் லண்டன் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கையில் வெள்ளி ரூபாயாக வை என்றார். இதற்கு நடுவில் 1917ல் இந்தியா பிரிட்டனுக்கு 10 கோடி பவுன் போர் நன்கொடையும் கொடுத்தது. நன்கொடை கொடுக்கிறீர்களா என்று இந்தியாவில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக் கொடுத்தால் அதில் என்ன பெருந்தன்மை!

அப்புறம்தான் தலைவலி. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறத் தொடங்கியது. ஒரு அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டினால் ரூபாய் காசுக்குள் இருக்கும் வெள்ளி ஒரு ரூபாய்க்கு மேல் பெறும். 1917ல் அதைத் தாண்டிவிட்டது. அதாவது ரூபாயைச் செலவழிப்பவன் முட்டாள், உருக்குபவன் புத்திசாலி. தட்டாரிடம் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரூபாயை உருக்கக் கூடாது என்று 1917ல் அரசாங்கம் உத்தரவு போட்டது. உத்தரவுக்குப் பயந்து உருக்காதவர்கள் பானையில் போட்டுப் புதைத்தார்கள். இரண்டு வழியிலும் ரூபாய் கஜானாவுக்குத் திரும்பி வரவில்லை.

1917 நவம்பர் 30ஆம் தேதி அரசாங்கம் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. நோட்டின் மூலையில் வெள்ளி ரூபாயின் படத்தை அச்சாகவே போட்டிருந்தார்கள். ரூபாய் தர முடியவில்லை, போட்டோ தருகிறோம் என்பதை இதைவிட நேர்மையாக எந்த அரசாங்கமும் ஒப்புக்கொண்டதில்லை. அது போதாதென்று 1918 ஜனவரியில் 2 ரூபாய் 8 அணா நோட்டு ஒன்றும் வந்தது. இரண்டரை ரூபாய்க்கு எதற்கு நோட்டு என்று அன்று திட்டியவர்களின் பேரன்கள், தாத்தா ஒன்றை எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று இன்று திட்டுகிறார்கள். ஏலத்தில் அதன் விலை அப்படி.

1918 மார்ச்சில் ஜெர்மன் படை பிரான்ஸில் முன்னேறிய சேதி வந்ததும் பம்பாயில் கவுண்டருக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது.

“ஐயா, தாளை வெச்சுக்கிட்டு வெள்ளியைக் குடுங்க.”

“தாள்லேயே ராஜா இருக்காரேய்யா!”

“ராஜா இருக்காரு. அவர் தங்குவாரான்னுதானே சந்தேகம்.”

இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம். கணக்கு மட்டும் ஊகமல்ல. புழக்கத்தில் இருந்த நோட்டு ஏறக்குறைய 100 கோடி ரூபாய்க்கு. ஜூன் தொடக்கத்தில் கையிருப்பில் மிஞ்சிய வெள்ளி ரூபாய் 4 கோடிக்குச் சற்று மேல். சீட்டுக் கம்பெனி முதலாளி வழக்கமாகப் பின்வாசல் வழியே ஓடும் கட்டம் இது. சாம்ராஜ்யத்துக்குப் பின்வாசல் கிடையாது. ஆகவே லண்டன் கடன் கேட்க வாஷிங்டன் போனது.

வாஷிங்டனில் அப்போது பிரிட்டிஷ் தூதர் ரீடிங் பிரபு. மூன்று வருஷத்தில் இவரே இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்து சேர்ந்தார். எதிர்ப்பக்கத்தில் கீ பிட்மன். நெவாடாவின் செனட்டர், டோனோபா என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் வக்கீலாக இருந்தவர். பிற்காலத்தில் 1933ல் பொருளாதார மாநாட்டுக்கு லண்டன் போனபோது, போதையில் தெருவிளக்குகளைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடினார் என்று இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வெள்ளி விஷயத்தில் மட்டும் அவருக்குப் போதையே ஏறாது. குறி தப்பியதே இல்லை.

1918 ஏப்ரல் 23ஆம் தேதி பிட்மன் சட்டம் நிறைவேறியது. நிலவறையில் தூங்கும் டாலர்களில் 35 கோடி வரைக்கும் உருக்கலாம். அவுன்ஸ் 1 டாலருக்குக் குறையாமல் விற்கலாம். இது பிரிட்டனுக்குச் செய்த உதவி. உருக்கிய அளவுக்கு வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்தே, அவுன்ஸ் 1 டாலர் கொடுத்து அரசாங்கம் திரும்ப வாங்கி, மறுபடியும் டாலராக அடித்து நிலவறையில் வைக்க வேண்டும். இது நெவாடாவுக்குச் செய்த உதவி. பம்பாய் கவுண்டரில் கூட்டம் கூடினால் நெவாடாவில் முதலாளி வீட்டுக்கு மாடி ஏறும்படி ஒரு சட்டம் எழுத எல்லோராலும் முடியாது.

உருக்கிய மார்கன் உள்ளிட்ட டாலர்கள் மொத்தம் 27,02,32,722. அதில் 25,91,21,554 பிரிட்டனுக்கு, அதாவது இந்தியாவுக்கு. கடைசி ஒற்றைக் காசு வரைக்கும் எண்ணியவர்கள், எந்த வருஷத்துக் காசு எவ்வளவு உலையில் போனது என்று மட்டும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. அமெரிக்க நாணயச் சேகரிப்பாளர்கள் நூறு வருஷமாக ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பது இதனால்தான்.

பாளமாக உருகிய டீச்சரம்மா கப்பலேறிக் கடல் கடந்தார். கல்கத்தாவில் அப்போதைய நாணயச்சாலை ஸ்ட்ராண்ட் ரோட்டில், ஹூக்ளி ஓரத்தில் இருந்தது. 1829ல் வேலை தொடங்கிய சாலை. ஏதென்ஸ் கோயில் ஒன்றைப் பாதி அளவில் பார்த்துக் கட்டிய முகப்பு, உள்ளே நீராவி இயந்திரம். இங்கேயும் பம்பாயிலும் பாளத்தை மறுபடி உருக்கினார்கள். டாலரில் வெள்ளி நூற்றுக்கு 90. ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு. ரூபாயின் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. கணக்குப் போட்டால் ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய். 25 கோடியே 91 லட்சம் டாலர் சுமார் 58 கோடி ரூபாயாகும். 1918லும் 1919லும் இரண்டு சாலைகளும் சேர்ந்து வருஷத்துக்கு 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்துத் தள்ளின. பிலடெல்பியா டீச்சருக்கு ஐந்தாம் ஜார்ஜாக மறுபிறவி. தாடியோடு.

அந்த ஜார்ஜுக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பேர் இருந்தது. 1911ல் வந்த அவருடைய முதல் ரூபாயில் அங்கியின் மேல் ஒரு யானை. சிற்பி தும்பிக்கைக்குப் போதுமான இடம் கொடுக்கவில்லை. யானை பன்றியாகத் தெரிகிறது என்று முஸ்லிம்கள் கொதித்தார்கள். வெளியே போகாததையெல்லாம் அரசாங்கம் உருக்கிவிட்டு, 1912ல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி புது அச்சு செய்தது. ‘பன்றி ரூபாய்’ என்ற பேரில் 1911ஆம் வருஷக் காசு இன்று தனி விலை பேசுகிறது. நல்ல யானையைவிடக் கெட்ட யானைக்கு மவுசு அதிகம்.

அமெரிக்காவில் என்ன ஆயிற்று? 1920 நடுவில் வெள்ளி விலை 1 டாலருக்குக் கீழே இறங்கி, அடுத்த வருஷம் 60 சென்ட் சொச்சத்துக்கு வந்தது. சட்டம் சட்டம்தான் என்று கஜானா நெவாடாவுக்கு 1 டாலரே கொடுத்தது. 20 கோடி அவுன்ஸ் வாங்கி முடிக்க 1923 ஆனது. திரும்பக் காசடிக்க உட்கார்ந்தால், மார்கன் டாலரின் மூல அச்சுகளை 1910லேயே அழித்திருந்தார்கள். இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தார்களாம். அவசரமாகப் புது அச்சு வெட்டினார்கள். 1921 டாலரில் டீச்சரம்மாவின் முகம் சப்பையாகத் தெரிவது அதன் விளைவு.

இப்போது சாந்த்ராகாச்சி செட்டுக்கு வருவோம். மொத்தம் ஆறே காசு. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாயில் 1918, 1919, 1920 என்று மூன்று வருஷம். வருஷத்துக்குக் கல்கத்தா ஒன்று, பம்பாய் ஒன்று. காசைத் திருப்பிப் பிடியுங்கள். பூவேலைப்பாட்டின் அடியில் ஒரு தாமரை இருக்கும். அதற்குக் கீழே குண்டூசித் தலை அளவில் புடைத்த புள்ளி இருந்தால் பம்பாய். வழவழவென்று இருந்தால் கல்கத்தா. வங்காளிகள் சொந்த ஊர்க் காசில் அடையாளம் போடவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்; உலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

1918ம் 1919ம் எங்கும் கிடைக்கும். 1920ஐ அவற்றில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அடித்தார்கள், கொஞ்சம் தேட வேண்டும். ஆனால் மூன்றுமே சாதாரண நிலையில் வெள்ளி விலையை ஒட்டியேதான் போகும். வாங்கும்போது தராசில் 11.66 கிராம் பாருங்கள், ஓரத்துக் கோடுகள் ஒரே சீராக இருக்கிறதா பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் ‘நமஸ்கார் தாதா’ என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். 1921, 1922க்கு ஆசைப்படாதீர்கள். அவை பம்பாயில் மட்டும், அதுவும் கொஞ்சமாக அடித்தவை. அங்கே குட்டி செட் முடிந்து பெரிய செட்டின் பைத்தியம் ஆரம்பிக்கிறது.

இந்த ஆறில் சாந்த்ராகாச்சிக்கு என்ன பங்கு என்று கேட்டால், ஊர் வழிவிட்டது. 1900ல் போட்ட பெங்கால் நாக்பூர் ரயில்பாதை இதன் வழியாகத்தான் தெற்கே போகிறது. கல்கத்தாவில் அடித்த ரூபாய் ரயிலேறி மதராஸ் வந்திருந்தால், ஏரியையும் கிழங்குத் தோட்டத்தையும் பார்க்காமல் வந்திருக்க முடியாது. மதராஸ் வந்த ரூபாய் ரூபாயாகவே இருந்ததா என்றால், அதற்கு நம் வீட்டுப் பெட்டிகள்தான் பதில் சொல்ல வேண்டும். கொலுசு, குங்குமச் சிமிழ், பிள்ளைக்கு அரைஞாண் என்று நம்மவர்கள் அதற்கு மூன்றாம் பிறவியும் கொடுத்தார்கள். கட்டை ரூபாயைத் தராசில் படியாக வைத்து நாட்டு மருந்து நிறுத்த செட்டியார்கள், ஒரு தட்டில் அமெரிக்கா இருப்பதை அறியாமலே சுக்கு விற்றார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் அதே நாடகம். மறுபடி வரிசை, மறுபடி 1 ரூபாய் நோட்டு, ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. அமெரிக்கா மறுபடி வெள்ளி அனுப்பியது, இந்த முறை 22.6 கோடி அவுன்ஸ். ஆனால் முதல்முறை பாடம் படித்திருந்தார்கள். விலைக்கு இல்லை, கடனாக. அவுன்ஸுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திருப்ப வேண்டும் என்றார்கள். கடன் வாங்கிய வெள்ளைக்காரன் 1947ல் கப்பலேறிவிட்டான். கடன் மட்டும் தங்கிவிட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை போடாமல் பங்கு போட்டுக்கொண்ட அபூர்வ விஷயங்களில் இந்தக் கடனும் ஒன்று. 1952ல் அலிப்பூரில் புதிய நாணயச்சாலை திறந்தார்கள். சாந்த்ராகாச்சியிலிருந்து கோனா எக்ஸ்பிரஸ்வே பிடித்து வித்யாசாகர் பாலம் தாண்டினால் அந்தப் பக்கம்தான். அங்கே பழைய பாதி வெள்ளி ரூபாயை உருக்கி, செம்பு, நிக்கல், துத்தநாகமெல்லாம் பிரித்து, வெள்ளியை மட்டும் வடித்தெடுக்கத் தனியே ஒரு சுத்திகரிப்பு ஆலை. அந்த ரூபாயில் இருந்த ஆறாம் ஜார்ஜைக் கரைத்து 1957க்குள் அமெரிக்கக் கடனை அடைத்தாயிற்று.

1918ல் வந்தது அப்படிப் போகவில்லை. இனி போகவும் முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாடு தாண்டி எடுத்துப் போகக் கூடாது. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆசைப்பட்டு வந்து உங்கள் ஆறு காசைக் கேட்டாலும், சாந்த்ராகாச்சியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். கிழங்கு வறுவல் போட்டுக் கொடுங்கள், அதற்குத் தடையில்லை.

வறுவல் சாப்பிட்டு முடித்ததும் அவர் கட்டாயம் 1895 பேச்சை எடுப்பார். அந்த வருஷம் பிலடெல்பியாவில் 12,000 மார்கன் டாலர் அடித்ததாகக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பளபளப்பாகத் தனியே அடித்த 880 மாதிரிக் காசுகள்தான் உண்டு. புழக்கத்துக்கு அடித்த 12,000ல் நிச்சயமாக இதுதான் என்று ஒன்றைக்கூட யாரும் காட்டியதில்லை. அடிக்கவேயில்லை, கணக்கில்தான் பிழை என்கிறது ஒரு கட்சி. அடித்தார்கள், பன்னிரண்டு மூட்டையும் பிட்மன் உலையில் போயிற்று என்கிறது இன்னொரு கட்சி. நீங்கள் இரண்டாவது கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள். அந்த மூட்டை என் 1919ஆம் வருஷக் கல்கத்தா ரூபாயில்தான் இருக்கிறது என்று கூசாமல் அடித்துச் சொல்லுங்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. வருஷம் குறிக்காமல் உருக்கினது அவர்கள் ஆட்கள்தானே!